மணல் மேட்டில் கூவிய மலைக் கவுதாரி

ரிஸ்கார் காணாமல் போன நாலாம் நாள் விடியற்காலையில், மணல் மேட்டுப் பக்கமிருந்து ஒரு மலைக் கவுதாரி கூவியது.

நான் வாசலில் குந்தி முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் அள்ளிய தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். மலைக் கவுதாரி ஊருக்கு மேலே, கரதாக் மலையின் பாறைச் சரிவில் இருக்கிறது. மணல் கவுதாரி ஊருக்குக் கீழே, மழை அரித்த மொட்டை மேடுகளில் இருக்கிறது. நடுவில் நாங்கள். மேலே இருப்பது கீழே இறங்காது. கீழே இருப்பது மேலே ஏறாது.

அறியாதவன் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் தரையில் திரியும், துரத்தினால் பறக்காமல் மேடு நோக்கி ஓடும், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் மலைக் கவுதாரிக்குக் கழுத்தில் கறுப்பு மாலை, மருதாணி போட்ட மாதிரி சிவந்த அலகு, சிவந்த கால், ஆணுக்குக் காலில் ஒரு முள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, 'சக்-சக்-சக்-சக்கார்' என்று மலையே தன்னுடையது போலக் கத்தும். மணல் கவுதாரி அதில் பாதிகூட இருக்காது. மண் நிறம், மஞ்சள் கால், முள் கிடையாது. அதற்குக் கத்தத் தெரியாது. 'ஹுவீத்... ஹுவீத்' என்று சீழ்க்கை அடிக்கும். ஆள் ஒருவன் மறைவில் நின்று மெல்லக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

மலைக் கவுதாரியை வளர்ப்பவனுக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. மணல் கவுதாரியைப் பிடிப்பவனுக்கு அடுப்பு எரிய வேறு வழியில்லை என்று அர்த்தம்.

அன்று கூவியது சும்மா ஒரு மலைக் கவுதாரி இல்லை. மூன்று தடவை கணீரென்று அடித்து, நாலாவதில் தொண்டை இடறியது. அது மீர். ரிஸ்காரின் பறவை. பத்து வருடமாக அந்த இடறலை நான் கேலி செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடியும் முன் ரிஸ்கார் மீரின் கூண்டைத் துணியால் மூடி முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனான். தன் கல் மறைவில் உட்கார்ந்து, துணியை விலக்கி, மீரைக் கூவவிட்டு, மற்ற ஆண் பறவைகளைச் சண்டைக்கு இழுத்துக் கண்ணியில் பிடிப்பான். அதுதான் எங்கள் வழக்கம். பழக்கிய பறவை துணிக்குள் இருக்கும்வரை வாயைத் திறக்காது. துணியை எடுத்தால்தான் கூவும். மாலையில் அவன் திரும்பவில்லை. இரண்டு நாள் இருபது பேர் மலையில் தேடினோம். அவன் மறைவில் புதுச் சாம்பல்கூட இல்லை.

நாலாம் நாள் சத்தம் வந்ததோ அந்த மணல் மேட்டில் இடிந்து கிடக்கும் கீழூரிலிருந்து.

கீழூரைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஏழு வருடத்துக்கு முன் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். ஒரு வசந்தகாலக் காலையில் லாரிகள் வந்தன. நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போயின. போனவர்களில் ஒருவர்கூட வரவில்லை. புதைத்த இடமும் தெரியவில்லை. சிப்பாய்கள் வீடுகளை இடித்து, சுற்றிலும் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மேலே வந்து இந்த ஊரைக் கட்டினோம்.

அன்று காலை நான் மலையில் கவுதாரி பிடித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது தம்பி ஆசோவை எழுப்பினேன். "இன்னும் கொஞ்சம் தூங்குறேண்ணே" என்றான். விட்டுவிட்டுப் போனேன். மறைவிலிருந்து புழுதி எழும்புவதைப் பார்த்தேன். ஆட்டு மந்தை என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு ஆண்கள் எல்லாரும் ஊற்றடியில் கூடிவிட்டார்கள். ஹமா மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. ஊரில் பறவை வளர்ப்பவர்களில் மூத்தவர் அவர்தான்.

"ஷேர்கோ, உனக்குத்தான் காது உண்டு. அது மீரா?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேட்டிலிருந்து மறுபடி கூவல் வந்தது. மூன்று கணீர், ஒரு இடறல்.

"தெரியல மாமா. தூரமா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. 'ஆமாம்' என்றால் யாராவது போக வேண்டும். அந்த யாராவது நானாகத்தான் இருக்கும்.

ஹமா மாமா தலையை ஆட்டினார். "மீரா இருந்தாலும் போகக்கூடாது. நாம என்ன செய்றோம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பறவைய வெச்சுட்டு மறைவுல உக்காந்துக்கிறோம். அது கூப்பிடுது. இன்னொன்னு, நம்ம ஆளுதானேன்னு ஓடி வருது. வந்தது எதுவாவது திரும்பிப் போயிருக்கா?"

அவர் மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"மலைக் கவுதாரிக்குக் கீழூர்ல என்ன வேலை? தானா இறங்காது. யாரோ கொண்டுபோய் வெச்சிருக்காங்க. வெச்சுட்டு மறைவுல உக்காந்திருக்காங்க. லாரியில போனவங்க ஏழு வருஷமா தனியா இருக்காங்கல்ல, துணைக்கு ஆள் வேணும்."

"அப்போ நாமதான் கவுதாரியா மாமா?" என்றான் பேக்கரிக்கார சாலார். சிரிக்கப் பார்த்தான்.

"உனக்கு அந்த அழகு கிடையாது. ஆனா ஆமா."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பறவைச் சத்தம் கேட்டதும் கயிற்றையும் கோவேறு கழுதையையும் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பான். நாங்கள் பரம்பரையாகக் கூவவிட்டுப் பிடிக்கிறவர்கள். கூப்பிடுகிற பறவையை நோக்கிப் போகிறவன் செத்தான் என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஒருவரும் போகவில்லை.

ஐந்தாம் நாளும் கூவியது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ரொட்டி தின்றேன்.

ஆறாம் நாள் விடிந்ததும் ரிஸ்காரின் மனைவி குவேஸ்தான் என் வாசலில் நின்றாள். புருஷனோடு ஏதோ சண்டை, கோபத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்து, அவள் மூன்றாம் நாளே பள்ளத்தாக்கு தாண்டி நாத்தனார் ஊருக்குத் தேடப் போயிருந்தாள். முந்தைய மாலைதான் திரும்பியிருந்தாள்.

"ஷேர்கோண்ணே, அது மீர்."

"ம்."

"எத்தனை நாளா கூவுது?"

நான் தரையைப் பார்த்தேன். "முந்தாநாள்ல இருந்து."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நவ்ரோஸ் புது வருஷத்தன்னிக்கு எங்க வீட்ல சாப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? உடைத்த கோதுமையில் கவுதாரிக் கறி. மெலிந்த துண்டுகள். 'உன் மலைப் பறவைங்க பட்டினி கிடக்குதாடா?' என்று கேட்டேன். 'ஊரே பட்டினி, அதுங்களுக்கு மட்டும் விருந்தா?' என்றான் ரிஸ்கார். நாங்கள் சிரித்தோம்.

"அது மலைக் கவுதாரி இல்லண்ணே. மணல் கவுதாரி. காலை வெட்டி அடுப்புல போட்டுட்டுத்தான் என்கிட்ட சமைக்கக் குடுப்பாரு. முள் இல்லாத மஞ்சக் காலைப் பாத்தா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு."

"ரிஸ்காரா?"

"மீருக்கு வயசாச்சு. ரெண்டு வருஷமா அது கூவுனா ஒண்ணும் வர்றதில்ல. மூணு புள்ளைங்க இருக்கே. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு கூண்டக் கட்டிக்கிட்டு எல்லாரும் பாக்க மலைக்கு ஏறுவாரு. அப்புறம் அந்தப் பக்கமா இறங்கி ஓடையைப் புடிச்சுக் கீழூருக்குப் போயிருவாரு. அங்க தண்ணி குடிக்க வர்ற மணல் கவுதாரிய வலை போட்டுப் புடிப்பாரு. ரொட்டி மேல சத்தியம் வாங்கியிருக்காரு என்கிட்ட, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. சனிக்கிழமை சண்டையும் அதுக்குத்தான். 'பசிக்கு எதப் புடிச்சா என்ன, வெளிய சொல்லித் தொலையேன்'னு கேட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு அங்கதான் கிடக்காரு. நீங்க வரலேன்னா நான் போறேன்."

"ஹமா மாமா சொல்றாரு—"

"ஹமா மாமா எது வேணாலும் சொல்லட்டும். அங்க இருக்கறது எங்க அம்மா, உங்க தம்பி. அவங்க நம்மளப் புடிச்சுத் தின்னவா போறாங்க?"

மேட்டிலிருந்து மீர் ஒரே ஒரு தடவை கூவியது. இடறல்கூட வரவில்லை, பாதியில் நின்றது.

நான் செருப்பை மாட்டினேன்.

ஓடையில் பாறை மேல் மட்டும்தான் ரிஸ்கார் நடப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாறையில் வெடி புதைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் மழை வெள்ளம் மேட்டிலிருக்கும் வெடிகளை உருட்டி ஓடையில் கொண்டுவந்து போடுகிறது. அதனால் கல் இடுக்கில் கிடக்கும் ஒவ்வொரு டப்பாவையும், பாட்டில் மூடியையும் சுற்றிக்கொண்டு போனோம். நான் முன்னால், அவள் நான் கால் வைத்த இடத்தில்.

பின்னாலிருந்து ஊர் ஆண்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். ஓடை முகப்பில் நின்றுவிட்டார்கள்.

"ஷேர்கோ, திரும்பு. அது உன்னைத்தான் கூப்பிடுது" என்று ஹமா மாமாவின் குரல் கேட்டது.

அதுதான் எனக்கும் பயம்.

கீழூருக்குள் நுழைந்ததும் மீர் நின்றுவிட்டது. சுவர்கள் இடுப்பளவு இருந்தன. சூரியன் நன்றாக ஏறிவிட்டிருந்தது. அப்போது சீழ்க்கை கேட்டது.

'ஹுவீத்.'

இடது பக்கம் ஒன்று. பிறகு வலது பக்கம். பிறகு பின்னால். ஆசோ ஆடுகளை இப்படித்தான் கூப்பிடுவான். கீழ் உதட்டை உள்ளே இழுத்து, மெல்ல. இன்னும் கொஞ்ச நேரத்தில் 'அண்ணே' என்று கேட்கும் என்று நின்றேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்தேன். தூங்கவிட்டுப் போனவன் என்ன சொல்ல முடியும்?

"அண்ணே." குவேஸ்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மணல் கவுதாரி. அங்க பாருங்க, ஓடுதுங்க."

மண்ணே கிளம்பி ஓடுவது போல ஏழெட்டுப் பறவைகள் சரிவில் ஏறின. மேட்டு விளிம்புக்குப் போனதும் இறக்கை விர்ரென்று ஊத எழும்பிப் பறந்தன. எல்லாம் போன பிறகும் எங்கள் வீடு இருந்த பக்கமிருந்து ஒரு சீழ்க்கை மட்டும் வந்தது. அதுவும் கவுதாரியாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊர்ப் பொதுத் தொட்டி, அந்தக் காலத்தில் மழைத் தண்ணீர் சேமித்த நிலத்தடித் தொட்டி, அதன் கூரையில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் சேற்றுக் குட்டை. அதன் ஓரத்தில் விரித்த வலை அப்படியே இருந்தது. உள்ளே சிக்கிய இரண்டு மணல் கவுதாரிகள் செத்துக் காய்ந்திருந்தன.

ஓட்டையில் எட்டிப் பார்த்தேன். இருட்டு.

"ரிஸ்கார்."

பதில் இல்லை. ஆனால் மூச்சு கேட்டது. மனித மூச்சு.

என் இடுப்புத் துணியை அவிழ்த்தேன். ஆறு முழம். குவேஸ்தானின் தலைத்துணியை அதோடு முடிந்தோம். ஒரு முனையைப் பக்கத்து இடிந்த வீட்டு வாசல் கல்லில் கட்டிவிட்டு இறங்கினேன். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். இடிந்த கல் குவியல் மேல் ரிஸ்கார் மல்லாந்து கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நிறத்தைச் சொல்ல வேண்டாம். நாற்றத்தையும்.

தலைமாட்டில் மீரின் கூண்டு. மீர் இறக்கை தொங்க நின்றது. கூண்டு மூடாமல் இருந்தது. அதன் மேல் போடும் கறுப்புத் துணி நாலாக மடித்து ரிஸ்காரின் தலைக்கு அணையாக இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாயிற்று.

"அதை மூடுடா," என்றான். உதடு ஒட்டிக்கொண்டு வந்தது. "யாருக்காவது கேட்டுடப் போகுது."

நான் அவன் தலையைத் தூக்கி, துணியை உருவி, மீரை மூடினேன்.

எப்படி மேலே ஏற்றினோம் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. அவன் கத்தியது ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் சாலாரும் இன்னும் இரண்டு பேரும் ஓடைப் பாறை மேல் வந்து கை கொடுத்தார்கள். அவர்கள் வருவதற்குள் குவேஸ்தான் வலையைச் சுருட்டி, செத்த பறவைகளோடு சேர்த்துத் தன் அங்கிக்குள் செருகிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு இறகு எட்டிப் பார்த்தது. நான் கண்ணால் காட்டினேன். உள்ளே தள்ளினாள்.

ஓடை முகப்பில் ஹமா மாமா ரிஸ்காரின் வாயில் மோர் ஊற்றினார். ஊரே சுற்றி நின்றது.

"மலைக்குப் போனவன் கீழூருக்கு எப்படிடா வந்தே?"

ரிஸ்கார் என்னைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மறைவுலதான் உக்காந்திருந்தேன் மாமா," என்றான் மெதுவாக. "யாரோ கூப்பிட்டாங்க. தெரிஞ்ச குரல். பின்னாடியே போனேன். விழுந்துட்டேன்."

"மீர் மூணு நாள் கழிச்சுத்தானே கூவுச்சு?"

"அது துணிக்குள்ள இருந்துச்சு. கூண்டு எனக்கு எட்டல. நான் எடுக்கல மாமா. நாலாம் நாள் முழிச்சுப் பாத்தா துணி மடிச்சு ஒரு ஓரமா இருக்கு. மேல கல்லு வெச்சிருக்கு."

ஹமா மாமா மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாம தப்பா நினைச்சுட்டோம்," என்றார். "அவங்க புடிக்கக் கூப்பிடல. காப்பாத்தக் கூப்பிட்டிருக்காங்க."

பெண்கள் அழுதார்கள். சாலார் தன் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஷேர்கோ, நீ இறங்கினியே. பாத்தியா? துணி மடிச்சா இருந்துச்சு?" என்று கேட்டான்.

ரிஸ்கார் கண்ணை மூடியிருந்தான்.

"மடிச்சுத்தான் இருந்துச்சு," என்றேன். பொய் இல்லை.

சுலைமானியா நகரத்து ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். 'ரெண்டு நாளுக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தா கால் பொழச்சிருக்கும்' என்று டாக்டர் சொன்னதாகக் குவேஸ்தான் என் மனைவியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நான் சர்க்கரைப் பொட்டலத்தோடு பார்க்கப் போனேன். அதற்குள் ஊர் மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஓடை முகப்பில் ரொட்டி வைக்கிறார்கள். தொலைந்த ஆடு தானாக வீடு வந்தால்கூடக் கீழூர்க்காரர்கள் ஓட்டிவிட்டார்கள் என்கிறார்கள். இறந்தவர்களைப் பற்றி ஏழு வருடம் வாய் திறக்காத ஊர், இப்போது அவர்கள் பேரைச் சொல்லிச் சொல்லித் தேநீர் குடிக்கிறது.

ரிஸ்கார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. குவேஸ்தான் தேநீர் வைத்துவிட்டு ஆடு கறக்கப் போனாள்.

"எப்படிடா இருக்கே?"

"பாதி நல்லா இருக்கேன்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்தது.

"தலைக்கு அணையா வெச்சிருந்தியே, அந்தத் துணிய நீயே எடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்," என்றேன். "ஊரைக் கூப்பிடத்தானே எடுத்தே. அதுல என்ன வெட்கம்?"

"எடுத்தேன்னு சொன்னா, மூணு நாள் ஏன் எடுக்கலன்னு கேப்பாங்க. மணல் கவுதாரி மேட்டுல மலைக் கவுதாரிச் சத்தம் கேட்டா ஊரு வந்து வலையைப் பாத்துருமேன்னுதான் மூடி வெச்சிருந்தேன். அதை எப்படிச் சொல்றது? மூணு நாள், ஷேர்கோ. காலு ஊதிக்கிட்டு இருக்கு, நான் பறவைய மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். நாலாம் நாள் விடியறப்ப பயம் வந்துருச்சு. எடுத்துட்டேன்."

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"மீர் முதல் தடவை கூவுனதுமே எனக்கு நிம்மதி ஆயிருச்சு. ஊருல ஒருத்தன் இதக் கேட்டாப் போதும், அவனுக்கு இந்தத் தொண்டை தெரியும், மத்தியானத்துக்குள்ள வந்துருவான்னு நினைச்சேன்."

நான் சர்க்கரைப் பொட்டலத்தின் நூலைப் பிடித்துத் திருகினேன்.

"அன்னிக்குக் காலையிலயே கேட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊற்றடியில் இருபது பேர் முன்னால் சொன்னவன்தான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"கேட்டேன்."

"மீர்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மூணு நாள் என்னோடது," என்றான். "ரெண்டு நாள் உன்னோடது."

வெளியே குவேஸ்தான் ஆட்டை அதட்டும் சத்தம் கேட்டது.

"ஊருல என்ன சொல்லணும்னு நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"அவங்கதான் எடுத்தாங்கன்னே இருக்கட்டும். எனக்கும் மானம் நிக்கும். உனக்கும். ஹமா மாமா பாவம், ராத்திரி தூங்குறாராம் இப்பல்லாம்." தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். ஆறிப் போயிருக்கும். "நான் சொன்னா நம்புவாங்க. ஆனா கண்ணால பாத்தவன் நீ. நீயும் சொல்லணும்."

சொல்லிவிட்டேன். முதலில் சாலாரின் பேக்கரியில் நாலு பேரிடம். பிறகு தேநீர்க் கடையில். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து கேட்க ஆள் வர ஆரம்பித்தது. தங்கள் வீட்டிலிருந்தும் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் உண்டு என்பவர்கள். ஒரு பெண், வயது நாற்பது இருக்கும், கதையை மூன்று முறை கேட்டாள். மடித்த துணியின் விளிம்பு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டாள். உள்பக்கம் என்றேன். 'எங்க வீட்டு வழக்கம்தான்' என்று சொல்லிக் கதவருகில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு எப்படி நிறுத்துவது?

சொல்லச் சொல்ல அது கூடிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் துணி மட்டும்தான் தெரியும். இப்போது அதை எடுக்கும் கையும் தெரிகிறது. மெலிந்த கை, மணிக்கட்டில் ஆடு கட்டிய கயிற்றுத் தழும்பு. ஆசோவின் கை. அது கூண்டுக்கு மேல் வந்து நிற்கிறது. என்னைத் தூங்கவிட்டுப் போனாயே என்று அது கேட்பதில்லை. துணியை எடுத்து, மடித்து, ஓரமாக வைக்கிறது. நான் வாயால் சொல்லிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்தான் அதை உண்டாக்கினேன் என்று தெரியும். ஆனாலும் கதை முடியும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று.

விடியற்காலையில் மட்டும் வேறு விதம். அப்போது கீழேயிருந்து சீழ்க்கை வருகிறது. மணல் கவுதாரிகள் அங்கே ஏராளம். பறவைச் சீழ்க்கையையும் ஆள் சீழ்க்கையையும் பிரித்துச் சொல்ல இந்த ஊரில் என்னைவிட நல்ல காது கிடையாது. ஆனால் இப்போதெல்லாம் யாராவது கேட்டால், தூரமாக இருக்கிறது, தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிகிறது. இந்தத் தடவை அது உண்மை.

ரிஸ்காரும் தேநீர்க் கடைக்கு வருகிறான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான். நான் கதை சொல்லும்போது குறுக்கே பேசமாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். போன வாரம் கிர்குக்கிலிருந்து வந்த ஒருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். துணியை மடித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல் வைத்திருந்தது என்றேன்.

"ஒண்ணு இல்ல," என்றான் ரிஸ்கார். தேநீர்க் குவளையைக் கையில் சுழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு கல்லு. சரியாச் சொல்லு, ஷேர்கோ. ரெண்டு."

"ஆமா," என்றேன். "ரெண்டு."